சீன மரக்கட்டடங்களிலிருந்து டிஜிட்டல் உடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பரிமாண உடை வடிவமைப்பு பழகுகிறவர்களில் பலர் ஏதாவது ஒரு கட்டத்தில் சீன அரண்மனைப் படங்களைச் சேகரிக்க ஆரம்பிக்கிறார்கள். வளைந்த கூரை, சிவப்புத் தூண், பின்னல் சன்னல், எல்லாமே உடையாக மாறத் தயாராக இருப்பது போலத் தோன்றும். வேலையில் இறங்கியதும் சந்தேகங்கள் வரும். வகுப்பிலும் வெளியிலும் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

டிஜிட்டல் உடை என்றால் சரியாக என்ன?

கணினியில் பேட்டர்ன் (உடையின் துண்டு வடிவங்கள்) வெட்டி, திரையிலேயே தைத்து, ஓர் அவதாருக்கு, அதாவது திரையில் இருக்கும் மனித உருவத்துக்கு மாட்டி, துணி எப்படி விழுகிறது என்று சிமுலேஷனில் பார்க்கிறோம். அதுதான். சில உடைகள் பிறகு நிஜத் துணியில் தைக்கப்படும். சில உடைகள் கேமிலும் படத்திலும் அனிமேஷனிலும் மட்டுமே இருக்கும். 2018இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய தி ஃபேப்ரிகன்ட், 2019இல் ‘இரிடெசென்ஸ்’ என்ற உடையை 9,500 டாலருக்கு விற்றபோது, துணியே இல்லாத உடைக்கும் விலை உண்டு என்று வெளியுலகம் கவனித்தது. இங்கே நான் பேசுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைப் பற்றி.

ஏன் சீனக் கட்டடக்கலை? வேறு எதையும் எடுக்கக் கூடாதா?

தாராளமாக எடுக்கலாம். ஆனால் சீன மரபுக் கட்டடத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அது மரச் சட்டகம். கூரையின் எடை முழுவதும் உத்திரம், தூண் வழியாகக் கீழே இறங்கிவிடுகிறது. சுவர் வெறும் மறைப்பு. ‘சுவர் விழுந்தாலும் வீடு விழாது’ என்று சீனர்கள் சொல்வதுண்டு. உடம்பும் உடையும் சேரும் விதமும் இதேதான். எலும்பு தாங்குகிறது, துணி தொங்குகிறது. அவதாருக்குள் ‘ரிக்’ என்று ஓர் எலும்புச் சட்டகம் இருக்கிறதே, அதன் மேல் மெஷ் (முக்கோணங்களால் ஆன மேற்பரப்பு வலை) போர்த்தியிருப்பதைப் பார்த்தால் இந்த உறவு இன்னும் தெளிவாகத் தெரியும். கல்லை அடுக்கிச் சுவரே எடை தாங்கும் கட்டடத்தை உடையாக்கப் போனால், பெரும்பாலும் கவசம்தான் வருகிறது.

இன்னொன்று, அந்தக் கட்டடங்கள் தனித்தனித் துண்டுகளாகச் செதுக்கப்பட்டு, பிறகு கோக்கப்பட்டவை. பேட்டர்ன் துண்டு வெட்டிச் சேர்க்கிறவருக்கு அந்த மனநிலை புதிதாக இருக்காது.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். எடை எப்படி இறங்குகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் உடை நிற்கும். கூரையின் உருவத்தை மட்டும் எடுத்து ஒட்டினால் பள்ளி மாறுவேடப் போட்டி ஆகிவிடும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான் வரும்.

தோகோங் என்றால் என்ன? அதை உடையில் எப்படிக் கொண்டுவருவது?

நம் கோயில் தூணின் உச்சியில் உத்திரத்தைத் தாங்கும் போதிகையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையை மரத்தில், பல அடுக்காகச் செய்வது தோகோங். சதுரக் கட்டை ஒன்று, அதன் மேல் இரு பக்கமும் நீளும் கை ஒன்று, அந்தக் கையின் நுனிகளில் மறுபடி கட்டைகள், அவற்றின் மேல் இன்னும் நீளமான கை. இப்படி அடுக்க அடுக்க, ஒரு தூண் தன் தலைக்கு வெளியே வெகுதூரம் நீண்டிருக்கும் கூரை ஓரத்தைத் தாங்க முடிகிறது. துண்டுகள் கழுந்தும் துளையுமாகக் கோத்துக்கொள்கின்றன.

ஷான்சி மாகாணத்தில் 1056இல் எழுந்த யிங்ஷியென் மரக்கோபுரம் சுமார் 67 மீட்டர் உயரம். அதில் 54 வகைத் தோகோங் இருக்கின்றன. பல நிலநடுக்கங்களைப் பார்த்தும் இன்னும் நிற்கிறது. இணைப்புகள் இறுக்கமாகப் பூட்டப்படாமல் கொஞ்சம் நகர இடம் கொடுப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதிர்வு வந்தால் மரமும் மரமும் உராய்ந்து அந்த ஆற்றலைத் தின்றுவிடுகின்றன.

உடைக்கு வருவோம். பலர் தோகோங் வடிவத்தை அப்படியே மாடல் செய்து தோளில் ஒட்டுகிறார்கள். அவதார் கையைத் தூக்கியதும் அது கழுத்துக்குள் புகுந்துவிடும். அதற்குப் பதிலாக அந்தத் தர்க்கத்தை எடுங்கள். தோள் முனையில் சிறிய துண்டு, அதன் மேல் அதைவிட அகலமான துண்டு, அதற்கும் மேல் இன்னும் அகலமானது. ஒவ்வொன்றும் கீழே உள்ளதன் மேல் உட்கார வேண்டும், ஆனால் முழு நீளத்துக்கும் தைக்கப்படக் கூடாது. நடுவில் மட்டும் பிடிப்பு, ஓரங்கள் சுதந்திரம். அனிமேஷனுக்கு ரிக் செய்யும்போது மேல் துண்டுக்குத் தோள் எலும்பின் அசைவில் பாதி, கீழ்த் துண்டுக்கு முழு அசைவு என்று பங்கு பிரித்தால், கை உயரும்போது அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும். பார்ப்பவருக்கு இது சீனக் கோயில் என்று உடனே தெரியாமல் போகலாம். அதில் எனக்குக் குறையே இல்லை.

கூரை வளைவை ஒரு கணக்காக எடுக்க முடியுமா?

முடியும். அதுவும் 900 ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்த கணக்கு. சீனாவின் வட சோங் வம்ச அரசில் கட்டட வேலைகளைக் கவனித்த லி ஜியே தொகுத்து 1103இல் வெளியான ‘யிங்ஜாவ் ஃபாஷி’ என்ற கையேட்டில் இருக்கிறது. அரசு வேலைகளில் பொருளும் கூலியும் எவ்வளவு என்று கட்டுப்படுத்த எழுந்த நூல் அது. வடிவமைப்பாளருக்கு அது புதையலாக மாறியது தற்செயல்.

முறை இதுதான். முதலில் கூரையின் மொத்த உயரத்தைத் தீர்மானிக்கிறார்கள். உச்சியிலிருந்து ஓரத்துத் தாங்குமரம் வரை ஒரு நேர்க்கோடு இழுக்கிறார்கள். உச்சிக்கு அடுத்த குறுக்குமரம் அந்தக் கோட்டிலிருந்து, மொத்த உயரத்தில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்கும். அந்த இறங்கிய புள்ளியிலிருந்து ஓரத்துக்கு மறுபடி ஒரு கோடு. அடுத்த மரம் இருபதில் ஒரு பங்கு இறங்கும். அதற்கு அடுத்தது நாற்பதில் ஒரு பங்கு. வளைவை யாரும் கையால் வரைவதில்லை. நேர்த்துண்டுகள் சேர்ந்து வளைவாகின்றன.

தோளிலிருந்து தொங்கும் கையில்லாத மேலாடையான ஒரு கேப் செய்வதாக வைத்துக்கொள்வோம். உயரம் 40 சென்டிமீட்டர், பக்கவாட்டு நீட்சியும் 40. நீட்சியை நான்கு சம பாகமாகப் பிரியுங்கள். நேர்க்கோடாக இருந்தால் உயரங்கள் 40, 30, 20, 10, 0. மேற்சொன்ன கணக்கைப் போட்டால் 40, 26, 15.3, 6.7, 0 என்று வரும். அதாவது கழுத்தருகே 14 சென்டிமீட்டர் செங்குத்தாக இறங்கி, அப்புறம் 10.7, அப்புறம் 8.6, கடைசி அடுக்கில் வெறும் 6.7. மேலே சரிவு, கீழே போகப் போகப் படுக்கை. இந்த நான்கு துண்டுகளையும் நான்கு அடுக்குகளாக வெட்டித் தைத்தால், சீனக் கூரையின் பக்கவெட்டு உங்கள் கேப்பில் வந்துவிடும். ஓடு, மிருகம், பொன்வேலை எதுவும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கடைசி அடுக்கு படுக்கையாக நிற்க வேண்டுமென்றால் அந்தத் துணிக்கு மட்டும் வளையும் விறைப்பைக் கூட்டுங்கள். எல்லா அடுக்குக்கும் ஒரே துணி கொடுத்தால் ஓரம் தொங்கிப் போகும். கணக்குப் போட்டதே தெரியாது. மூலைகளிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அதே கையேடு, நடுத் தூண்களைவிட மூலைத் தூண்களைக் கொஞ்சம் உயரமாக்கச் சொல்கிறது. மூன்று கண் (இரண்டு தூணுக்கு இடைப்பட்ட வெளி ஒரு கண்) மண்டபத்துக்கு 2 சுன், ஐந்து கண்ணுக்கு 4 சுன் என்று ஏறும். (ஒரு சுன் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்.) கூரை ஓரம் நடுவில் தாழ்ந்து மூலையில் மெல்ல எழுவதற்கு இதுவும் காரணம். பாவாடையின் கீழ்விளிம்பைச் சமமாக வெட்டாமல் பக்கத் தையலருகே ஒரு சென்டிமீட்டர் ஏற்றிப் பாருங்கள்.

சைஸ் மாற்றும்போது இந்த விகிதமெல்லாம் கெட்டுவிடாதா?

அதற்கும் லி ஜியேயிடம் பதில் இருக்கிறது. கட்டடம் முழுவதையும் அடியில், முழத்தில் சொல்லாமல் ‘ட்சாய்’ என்ற அளவுமரத்தில் சொல்கிறார். அந்த மரத்தின் குறுக்குவெட்டு எப்போதும் உயரம் 15 பங்கு, அகலம் 10 பங்கு. எட்டுத் தரங்கள் உண்டு. பெரிய மண்டபத்துக்கு 9 சுன்னுக்கு 6 சுன் மரம், மிகச் சிறியதற்கு 4.5க்கு 3. தரத்தை மாற்றினால் கட்டடத்தின் மற்ற அளவுகளும் கூடவே மாறும்.

உங்கள் உடைக்கும் அப்படி ஒரு அலகு வையுங்கள். காலர் அகலத்தின் பதினைந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு மடிப்பு, பட்டை, பொத்தான் இடைவெளி எல்லாவற்றையும் அதன் மடங்கில் எழுதினால், அவதாரின் அளவு மாறும்போது ஒரே எண்ணை மாற்றினால் போதும்.

தோளில் ஒரு கூரை வைத்தால் போதாதா? பெரிய வடிவமைப்பாளர்களே செய்திருக்கிறார்களே?

பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியர் கார்டினைச் சொல்கிறீர்கள். 1978இல் சீனா போய்வந்தார், 1979இல் பெய்ஜிங்கில் காட்சி நடத்தினார். நுனி மேல்நோக்கி எழும் ‘பகோடா தோள்’ அந்தக் காலத்தில் அவர் பெயரோடு சேர்ந்தது. அது நன்றாக இருந்ததற்குக் காரணம், அவர் கூரையை ஒட்டவில்லை. கோட்டுத் தையலுக்குள்ளேயே பஞ்சும் வெட்டும் கொண்டு அந்த நுனியை எழுப்பினார். தையல் தெரிந்தவரின் தீர்வு அது.

திரையில் புவியீர்ப்பை அணைத்துவிட்டு அதே நுனியை எவரும் எழுப்பலாம். நான் அணைக்க வேண்டாம் என்பேன். சிஎல்ஓ மென்பொருளில் புவியீர்ப்பு மதிப்பு -9800 (மில்லிமீட்டர் கணக்கில் பூமியின் ஈர்ப்பு) என்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். சீனக் கூரை அழகாக இருப்பது அது கனமாக இருப்பதால்தான். டன் கணக்கில் ஓடு அழுத்துகிறது, மரம் அதைத் தாங்கித் தூக்குகிறது. அந்த இழுபறி இல்லாத கூரை வெறும் கோடு.

நிறங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? சிவப்பும் பொன்னும் போட்டால் சீனம் ஆகிவிடுமா?

ஆகிவிடும், மேலோட்டமாக. கொஞ்சம் உள்ளே போனால் சுவாரசியம் அதிகம். பெய்ஜிங் அரண்மனை வளாகம் 1406 முதல் 1420 வரை கட்டப்பட்டது. அங்கே மஞ்சள் ஓடு பேரரசருக்கு, பச்சை ஓடு இளவரசர் இருப்பிடங்களுக்கு. அதே வளாகத்தில் வென்யுவான் நூலகத்துக்குக் கறுப்பு ஓடு. சீன ஐம்பூதக் கணக்கில் கறுப்பு நீருக்கு உரியது. நூல்களுக்குத் தீ ஆகாது அல்லவா? சொர்க்கக் கோயிலின் விளைச்சல் வேண்டுதல் மண்டபத்துக்கு நீலம்.

எனக்குப் பிடித்தது கூரைக்குக் கீழே நடக்கும் விஷயம். வெயில் படும் தூணும் கதவும் சிவப்பு. கூரை ஓரத்தின் நிழல் விழும் தோகோங், உத்திரம் எல்லாம் நீலமும் பச்சையும். குளிர்ந்த நிறம் பின்வாங்கும் என்பதால் நிழல் இன்னும் ஆழமாகத் தெரிகிறது, கூரை இன்னும் வெளியே நீண்டதாகத் தெரிகிறது. உடையில் இதை நேரடியாகப் பயன்படுத்தலாம். வெளிச்சம் விழும் முகப்புக்குச் சூடான நிறம். மடிப்புக்குள், காலருக்குக் கீழே, கைவிளிம்பின் உட்புறத்தில் நீலப்பச்சை. ரெண்டரில் விளக்கைச் சுற்றி நகர்த்திப் பாருங்கள், ஆழம் கூடியிருக்கும்.

சிவப்பே வேண்டாமென்றால் அன்ஹுய் மாகாணத்தின் ஹுய்ஜோவ் வட்டாரத்துப் பக்கம் போங்கள். ஹொங்சுன், ஷீதி கிராமங்களில் வெள்ளைச் சுவர், கருஞ்சாம்பல் ஓடு, படிப்படியாக உயரும் தீத்தடுப்புச் சுவர்கள். சாதாரண மக்கள் பகட்டான நிறங்களைப் பூச அக்காலச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அந்தக் கட்டுப்பாட்டில் பிறந்த கறுப்பு வெள்ளை இன்றைய கண்ணுக்கு மிக நவீனமாகத் தெரிகிறது.

கூரை மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் குட்டி மிருகங்களை உடையில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், இடம் பார்த்து. கூரை விளிம்பில் ஓடு வழுக்காமல் ஆணி அடிக்க வேண்டியிருந்தது, அந்த ஆணித் தலையை மறைக்க வந்தவை அவை. எண்ணிக்கையும் அந்தஸ்தைச் சொல்லும். அரண்மனையின் தலைமை மண்டபத்தில் மட்டும் 10. மற்றவற்றில் 9, 7, 5 என்று இறங்கும். ஆகவே உங்கள் அலங்காரமும் தையல் முடியும் இடத்தில், பொத்தான் இருக்கும் இடத்தில் வரட்டும். நெஞ்சு நடுவில் டிராகன் வேண்டவே வேண்டாம், அது போதும் போதும் என்றாகிவிட்டது.

சன்னல், நிலா வாசல் போன்றவை?

தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு இவைதான் சுலபம். சூஜோவ் தோட்டங்களின் சுவரில் துளைச் சன்னல்கள் நிறைய; ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. உறைந்த பனி விரிசல் விடுவது போன்ற ‘பனிவிரிசல்’ பின்னல் லேசர் வெட்டுத் தோலாகவும் லேஸ் துணியாகவும் நன்றாக மாறும். ஒழுங்கற்றதாகத் தெரிந்தாலும் அதில் பெரும்பாலும் மூன்று கோடுகள் சந்திக்கும் முனைகள்தான். நான்கு கோடுகள் ஒரே புள்ளியில் வெட்டிக்கொண்டால் உடனே சாதாரணக் கட்டம் மாதிரி ஆகிவிடும்.

அந்தச் சன்னல்களின் வேலை அலங்காரம் மட்டும் கிடையாது. அப்பால் இருக்கும் மூங்கிலையும் பாறையையும் துண்டு துண்டாகக் காட்டி, நடக்க நடக்கக் காட்சியை மாற்றுவது. மிங் காலத்துத் தோட்டக் கலைஞர் ஜி செங் இதை ‘இரவல் காட்சி’ என்று எழுதினார். உடையில் இதற்கு இரண்டு அடுக்கு வேண்டும். வெளியே துளையுள்ள மேலங்கி, உள்ளே கோலம் போட்ட உடை, இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் காற்று. அவதார் நடக்கும்போது உள்ளே இருக்கும் கோலம் துளைகளில் மாறிக்கொண்டே இருக்கும். ஒற்றை அடுக்கில் துளை போட்டால் தோல்தான் தெரியும், தோட்டம் தெரியாது.

உள்கூரை ஓவியங்களைத் துணி அச்சாகப் பயன்படுத்திய முன்மாதிரி ஏதும் உண்டா?

உண்டு, அதுவும் கட்டடக்கலை ஆய்வாளர் ஒருவர் நேரடியாகக் கைகொடுத்தது. லின் ஹுயின் கவிஞர், கட்டடக்கலைஞர். கணவர் லியாங் சுசெங்கோடு ஊர் ஊராகப் போய் பழைய மரக்கட்டடங்களை அளந்தவர். 1937இல் வூதாய் மலையில் ஃபோகுவாங் கோயிலை அவர்கள் ஆராய்ந்தபோது, உத்திரத்தில் மங்கியிருந்த மை எழுத்தில் நிங் கோங்யு என்ற பெண் கொடையாளரின் பெயரை முதலில் கண்டுபிடித்தது லின்தான். அவருக்கு எட்டப்பார்வை என்பதால் கீழிருந்தே படிக்க முடிந்ததாம். மண்டபம் கட்டப்பட்டது 857இல் என்பது வெளியே நின்ற கல்தூணில் இருந்த அதே பெயரால் உறுதியானது.

பிறகு சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் லின்னோடு வேலை செய்தவர் சாங் ஷானா. வடமேற்குச் சீனாவில், பௌத்த ஓவியங்கள் நிறைந்த துன்ஹுவாங்கின் மோகாவ் குகைகளில் வளர்ந்தவர்; அப்பா சாங் ஷுஹோங் அந்தக் குகைகளின் பாதுகாவலர். 1952இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய பசிபிக் அமைதி மாநாட்டுக்கு லின் வழிகாட்டுதலில் சாங் ஷானா ஒரு பட்டுத் துணியை வடிவமைத்தார். குகையின் உள்கூரைக் கட்டமைப்பை அப்படியே சதுரத் துணியில் விரித்து, அதில் அமைதிப் புறாக்களைச் சேர்த்தார்.

ஜாவ்ஜிங் என்ற அந்த உள்கூரைக் குழிவு ஏன் சதுரத் துணிக்கு இவ்வளவு பொருந்துகிறது? சதுரத்துக்குள் சதுரமாக மையம் நோக்கி ஏறும் அமைப்பு அது. குகையில் பெரும்பாலும் அந்த ஆழத்தை ஓவியத்தில் காட்டியிருப்பார்கள். ஓரத்தில் திரைச்சீலை மாதிரி முக்கோணங்கள், நடுவில் தாமரை. 407ஆம் குகையின் மையத்தில் மூன்று முயல்கள் ஓடுகின்றன. மூன்றுக்கும் சேர்த்து மொத்தம் மூன்றே காதுகள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு தெரியும். டிஜிட்டலில் நாம் இதைத் திருப்பியும் செய்யலாம். தட்டையாக வரைந்த ஆழத்தை மறுபடி மடிப்பாக எழுப்பி, முதுகு நடுவில் சதுரம் சதுரமாக உள்வாங்கும் ஒரு மேலங்கி. மடிப்புக் கோடுகளுக்கு ஒன்றுவிட்டு ஒன்று மடிப்புக் கோணத்தை மாற்றிக் கொடுத்தால் சிமுலேஷனே குழிவை உருவாக்கிவிடும். என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலில் இருப்பவற்றிலேயே இன்னும் சரியாகத் தோண்டப்படாத இடம் இதுதான்.

எல்லாக் காலமும் ஒன்றா? கலந்து போட்டால் என்ன?

கலக்கலாம், தெரிந்து கலந்தால். தாங் வம்ச காலத்துக் (7 முதல் 10ஆம் நூற்றாண்டு) கூரை படுத்தது போல் இருக்கும், தோகோங் பெரிது, ஓரம் வெகுதூரம் நீளும். ஃபோகுவாங் மண்டபத்தில் தோகோங்கின் உயரமே தூணில் கிட்டத்தட்டப் பாதி. சிங் வம்ச காலத்துக்கு (17 முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்) வந்தால் கூரை செங்குத்து, தோகோங் சிறுத்துப் பெருகி வரிசையாகி விடுகிறது. பாரம் தாங்குவதைவிட அலங்காரமாக இருப்பதுதான் அதிகம். முன்னது தாராளமான, அகன்ற உடைக்கு ஏற்றது. பின்னது நெருக்கமான பின்னல் வேலைக்கு. அதே போல வடக்கே கூரை மூலை அடக்கமாக எழும். யாங்சிக்குத் தெற்கே கொம்பு மாதிரி நிமிரும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு தூண், மேலே இரண்டு குறுக்குச் சட்டம், சிவப்பு வண்ணம் என்று இருக்கும் தோரி வாயில் ஜப்பானியக் கோயிலுடையது. சீன உடைத் தொகுப்பின் பின்னணியில் அதை நிறுத்தாதீர்கள்.

எந்த மென்பொருள்?

பேட்டர்னுக்கும் துணிக்கும் சிஎல்ஓ அல்லது மார்வெலஸ் டிசைனர், இரண்டும் ஒரே கொரிய நிறுவனத்தினுடையவை. சீனாவில் ஸ்டைல்3டி பரவலாக இருக்கிறது. கெட்டியான பாகங்களுக்கு பிளெண்டர் இலவசம், போதும்.

துணியையும் கெட்டிப் பாகத்தையும் தனித்தனியாகச் செய்யுங்கள். வேலையின்போது துணியின் பார்ட்டிகிள் இடைவெளி (துணி மெஷ்ஷின் புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம்) 20 மில்லிமீட்டரில் இருக்கட்டும். வடிவம் முடிவான பிறகே 5க்கு இறக்குங்கள். முதலிலேயே இறக்கினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காத்திருந்தே பொழுது போய்விடும்.

கேமுக்குக் கொடுக்க வேண்டும் என்றால் இவ்வளவு நுணுக்கம் தாங்குமா?

தாங்காது. ரோப்லாக்ஸ் என்ற கேம் தளத்தில் ஓர் உடைக்கு 4,000 முக்கோணம்தான் வரம்பு. முழு நுணுக்கத்தோடு ஒரு தோகோங் செதுக்கினாலே அது தீர்ந்துவிடும். பெரிய வெளிக்கோட்டுக்கு மட்டும் மெஷ்ஷைச் செலவழித்து, கட்டை, இடுக்கு, பின்னல் எல்லாவற்றையும் நார்மல் மேப்பில் (தட்டையான பரப்பை மேடுபள்ளமாகக் காட்டும் படம்) பேக் செய்யுங்கள், அதாவது பதித்துவிடுங்கள். தூரத்திலிருந்து அடையாளம் தருவது எப்படியும் வெளிக்கோடுதான்.

ஏஐ படக் கருவியில் தொடங்கலாமா?

மனநிலைப் படங்களுக்குச் சரி. கட்டமைப்புக்கு வேண்டாம். தூணோடு சேராமல் அந்தரத்தில் நிற்கும் தோகோங், தாங் கூரைக்கு சிங் வண்ணம், எங்கும் முடியாத உத்திரம் என்று தாராளமாகக் கொட்டும். அசல் அளவுப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தப் பிழைகள் கண்ணில் படும்.

இது பண்பாட்டைத் திருடுவது ஆகாதா?

நியாயமான கேள்வி, நழுவிப் போக முடியாத கேள்வியும்கூட. 2022 ஜூலையில் பிரெஞ்சு ஆடை நிறுவனமான டியோர் ஒரு மடிப்புப் பாவாடையைத் தன் நிறுவனத்தின் அடையாள வடிவம் என்று விவரித்து விற்றபோது, அது மாமியன் பாவாடை என்று சீன மாணவர்கள் பாரிஸில் கடைக்கு வெளியே நின்று போராடினார்கள். முன்னும் பின்னும் தட்டையான பலகை, பக்கங்களில் மடிப்பு என்று பல நூற்றாண்டாக இருக்கும் பாவாடை அது. பாவாடை செய்ததைவிட, எங்கிருந்து வந்தது என்று சொல்லாததுதான் கோபத்தைக் கிளப்பியது. டிஜிட்டல் உடையிலும் இது நடந்திருக்கிறது. 2020இல் ‘ஷைனிங் நிக்கி’ கேமின் கொரியப் பதிப்பில் ஹான்போக் என்ற கொரிய மரபு உடை வந்ததும் அது யாருடைய மரபு என்று சீன, கொரிய ரசிகர்கள் மோதிக்கொண்டார்கள். நிறுவனம் கொரியச் சேவையையே மூடிவிட்டது.

நான் பின்பற்றுவது எளிது. எந்தக் கட்டடம், எந்த ஊர், எந்தக் காலம் என்று தொகுப்பின் விளக்கத்தில் பெயரோடு எழுதுவேன். ‘கிழக்கத்திய மர்மம்’ போன்ற வார்த்தைகளைத் தொடமாட்டேன். புத்தர், போதிசத்துவர் உருவங்களை இடுப்புக்குக் கீழே வைக்கமாட்டேன். நம் சாமி படத்தைச் செருப்பில் போட்டால் நாம் சும்மா இருப்போமா?

படங்களையும் ஸ்கேன்களையும் இலவசமாக எடுக்கலாமா?

ஆயிரம் ஆண்டு பழைய கட்டடத்துக்கு உரிமையாளர் வந்து கேட்கமாட்டார். ஆனால் அதை இன்று எடுத்த புகைப்படம், ஸ்கேன், கேம் மெஷ் எல்லாவற்றுக்கும் உரிமையாளர் உண்டு. 2024இல் வந்த ‘பிளாக் மித்: வுகோங்’ கேம் ஷான்சி கோயில்களை ஸ்கேன் செய்து உருவானது என்பதால், அதிலிருந்து மெஷ்ஷை உருவி எடுப்பது ஏதோ பொதுச்சொத்து என்று சிலர் நினைக்கிறார்கள். கிடையாது. துன்ஹுவாங் குகைகளில் 30ஐ 2016இலேயே இணையத்தில் உயர்தரப் படமாகப் பார்க்கக் கொடுத்துவிட்டார்கள். பார்த்துப் பழகி நீங்களே வரைவதுதான் பாதுகாப்பு.

தமிழர்களுக்கும் இந்தக் கட்டடங்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

தென்கிழக்குச் சீனாவின் சுவான்ஜோவ் துறைமுகத்தில் உண்டு. அங்கே தமிழ் வணிகர்கள் குடியிருந்தார்கள். சிவனுக்குக் கோயில் எடுத்ததைச் சொல்லும் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அந்த ஊர் கையுவான் பௌத்தக் கோயிலின் தலைமை மண்டபத்துப் பின்பக்கம் நரசிம்மர், கண்ணன் கதைகள் செதுக்கிய கல்தூண்கள் நிற்கின்றன. அழிந்துபோன இந்துக் கோயில் ஒன்றிலிருந்து எடுத்து, பிற்காலப் பழுதுபார்ப்பில் பொருத்தியவை.

அதே மண்டபத்துக்குள் நிமிர்ந்து பார்த்தால் உடை வடிவமைப்பாளருக்கு இன்னொரு விருந்து. அங்கே தோகோங் கைகளே 24 சிறகுப் பெண்களாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கலவிங்கம் என்று பௌத்தம் சொல்லும் பறவைப் பெண்கள். கையில் இசைக்கருவி, முதுகில் சிறகு, தலைக்கு மேல் உத்திரம். கட்டடத்தின் பாகம் உடம்பாகவே மாறியிருக்கும் இடம். இதை வைத்து ஒரு தொகுப்பு யாராவது தமிழிலிருந்து செய்தால் முதல் ஆளாகப் பார்ப்பேன்.

இதில் வருமானம் உண்டா?

2022இல் மெட்டாவெர்ஸ் ஃபேஷன் வாரம் என்றெல்லாம் ஒரு அலை அடித்து, வந்த வேகத்தில் அடங்கியது. இப்போது வேலை இருப்பது கேம் நிறுவனங்களிலும், மாதிரித் துணி தைக்கும் செலவைக் குறைக்க முப்பரிமாணத்துக்கு மாறும் ஆடை நிறுவனங்களிலும். பின்னதற்கு நம் ஊர் ஏற்றுமதி ஆலைகளிலும் வாய்ப்பு இருக்கிறது. சீனக் கூரை தெரிந்ததற்காக யாரும் வேலை தரமாட்டார்கள். துணியும் பேட்டர்னும் தெரிந்ததற்குத் தருவார்கள்.

முதல் முயற்சியாக எதைச் செய்யட்டும்?

மேலே கணக்குப் போட்ட நான்கடுக்குக் கேப். ஒரே சாம்பல் நிறம், அச்சு வேண்டாம், அலங்காரம் வேண்டாம். மேல் அடுக்குக்கு மெல்லிய கம்பளி, கீழே போகப் போக விறைப்பான துணி. தைத்து முடித்ததும் அவதாரை நடக்க விடுங்கள், கையைத் தூக்க விடுங்கள், திரும்ப விடுங்கள். ஓரம் அதிகம் அடித்துக்கொண்டால் கடைசி அடுக்கின் எடையைக் கூட்டுங்கள். அசையவே இல்லையென்றால் விறைப்பைக் குறையுங்கள். அடுக்குத் தையல்களில் சுருக்கம் விழுந்தால் பெரும்பாலும் மேல் அடுக்கின் கீழ்விளிம்பும் கீழ் அடுக்கின் மேல்விளிம்பும் நீளத்தில் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். இரண்டையும் அளந்து சரிசெய்த பிறகு நிறத்துக்குப் போகலாம்.